சொல்லிட்டுக் கழட்டணும்

அந்தப் பெண்ணிடம் நான் பொய் சொன்னேன். அவளுடைய கணவனின் குரல் அழிந்துபோனதற்குக் காரணம் நான். அவளுடைய கை பட்டுத்தான் அது அழிந்தது என்று அவளை நம்பவைத்தேன். அந்த நம்பிக்கையைச் சுமந்துகொண்டு இரண்டு வருடத்துக்கு மேல் அவள் மலை ஏறித் தேயிலைக் கொழுந்து எடுத்தாள். என் வீட்டு வாசலில் இருந்து பார்த்தால் அந்த மலை தெரியும்.

எனக்கு எழுபத்தாறு வயது. தோட்டப் பாடசாலையில் முப்பது வருடத்துக்கு மேல் கணக்குப் படிப்பித்தவன். ஓய்வுபெற்ற பிறகு டிக்கோயாவுக்குப் போகும் வீதியோரம், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில் கடைசிக்குச் சற்றுக் கீழே, சிறிய வீடொன்றில் தனியாக இருக்கிறேன். அவளுடைய கணவன் என்னிடம் எட்டாம் வகுப்பு வரை படித்தவன். கணக்கு வரவில்லை, கமரா வந்தது. சுற்றியுள்ள பத்துப் பன்னிரண்டு தோட்டங்களில் கல்யாணம், சடங்கு, திருவிழா, சாவு எதுவானாலும் அவன்தான் வீடியோ எடுப்பான். அவன் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எல்லோருக்கும் வீடியோக்காரர்தான்.

ஒரு நாள் காலையில் மாரடைப்பு வந்து அவன் போய்விட்டான். ஐம்பது வயதுகூட ஆகவில்லை.

முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த வாரத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் என்னைத் தேடி வந்தாள். அவன் வேலை செய்த பழைய கம்ப்யூட்டர் 'டக் டக்' என்று சத்தம் போடுகிறதாம். ஹட்டனில் ஒரு கடைக்காரரைக் கூட்டிவந்து காட்டியிருக்கிறாள். உள்ளே இருக்கிற டிஸ்க் எப்போது வேண்டுமானாலும் நின்றுவிடும், சீக்கிரம் வேறொன்றுக்கு மாற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாராம்.

"அதுல என்ன இருக்கு தங்கச்சி?" என்று கேட்டேன்.

"அவரு எடுத்த வீடியோ எல்லாம் சார். எடுத்தது எடுத்தபடியே."

எடுத்தது எடுத்தபடி என்றால் என்ன என்பதை அவள் விளக்கிய பிறகுதான் எனக்குப் புரிந்தது. கமரா பிடிக்கிறவன் எந்த வீடியோவிலும் இருக்க மாட்டான். வீட்டில் அவன் படம் இரண்டே இரண்டு, அதில் ஒன்று அடையாள அட்டையில் உள்ளது. ஆனால் குரல் இருக்கும். 'அக்கா, மாலைய கொஞ்சம் எறக்குங்க', 'தாத்தா, இந்தப் பக்கம் பாருங்க, சிரிங்க' என்று கமராவுக்குப் பின்னால் நின்று பேசிக்கொண்டே இருப்பான். சிரிக்கச் சொல்லிவிட்டு அவனே முதலில் சிரிப்பான். வேலையை முடித்து டிவிடியில் போட்டுக் கொடுக்கும்போது அந்தச் சத்தத்தை எல்லாம் எடுத்துவிட்டுச் சினிமாப் பாட்டைப் போட்டு மூடிவிடுவான். கம்ப்யூட்டரில் கிடந்த மூல வீடியோவில் மட்டும்தான் அவன் பேசிக்கொண்டிருந்தான்.

அவள் கொண்டுவந்த பணம், அவளுடைய இரண்டு மாதச் சம்பளத்தைவிடக் கூடுதல். "நல்லதா ஒண்ணு வாங்கித் தாங்க சார். கொறஞ்சது வேணாம்" என்றாள். அதை அவள் இரண்டு தரம் சொன்னாள்.

அந்தப் பணத்துக்கு நல்லதொன்று கிடைத்திருக்கும். கையடக்கமான எஸ்.எஸ்.டி. டிரைவ், இரண்டு டெரா பைட், நம்பகமான கம்பனி, ஹட்டனில் கடையிலேயே உத்தரவாதச் சீட்டோடு வாங்கலாம். எனக்கு அது பிடிக்கவில்லை. ஒரு கொழுந்துக்காரியின் இரண்டு மாத உழைப்பை உள்ளங்கை அளவு டப்பாவுக்குக் கொடுப்பதா என்று நினைத்தேன். இரண்டு வாரம் இணையத்தில் ஆங்கிலக் கட்டுரைகளைத் தேடிப் படித்தேன். சதுரக் கோட்டுக் கொப்பியில் கட்டம் போட்டேன். ஒரு பக்கம் வேகம், ஒரு பக்கம் விலை. ஒன்று நொடிக்கு ஆயிரம் மெகாபைட் என்றது. அதைவிட ஐந்தாயிரம் ரூபாய் கூடக் கொடுத்தால் இரண்டு மடங்கு வேகம் என்றது இன்னொன்று.

இங்கே நான் சரியான ஒன்றைக் கண்டுபிடித்தேன். அதைச் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் அந்தச் சரிதான் என்னைக் கெடுத்தது. அவளுடைய கம்ப்யூட்டர் பழையது. வயர் செருகும் துளையும் பழையது. எவ்வளவு வேகமான டிரைவை மாட்டினாலும் அந்தத் துளை விடுகிற வேகத்தில்தான் உள்ளே போகும். கினிகத்தேனை மலைப்பாதை வளைவுகளில் பாரம் ஏற்றிய லொறிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால், உன் வண்டி என்ன வண்டி என்று யார் கேட்கப் போகிறார்கள்? வேகத்துக்குக் கொடுக்கும் காசு முழுக்க வீண் என்று கொப்பியில் எழுதி அடிக்கோடிட்டேன்.

அப்படியானால் பழைய முறையில் சுழலும் சாதாரண ஹார்ட் டிஸ்க் ஒன்று போதும். விலை மூன்றில் ஒன்று. மெதுவானது, ஆனால் வேலையைச் செய்யும். அதையும் நான் வெட்டினேன். லயத்துப் படிகளில் ஏறி இறங்குகிறவள், கீழே போட்டால் கெட்டுவிடும் என்று காரணம் எழுதினேன். உண்மைக் காரணம் வேறு. 'சார் மலிவாகவும் வாங்கித் தந்தார், வேகமானதையே வாங்கித் தந்தார்' என்று நாலு பேர் பேச வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். ஓய்வுபெற்ற வாத்தியாரைப் பற்றி யாரும் எதுவும் பேசுவதில்லை.

இணையத்தில் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. பதினாறு டெரா பைட். அதிவேகம். விலையோ நல்ல டிரைவின் விலையில் பத்தில் ஒரு பங்கு. எட்டு மடங்கு பொருள் பத்தில் ஒரு பங்கு விலைக்கு எப்படிக் கிடைக்கும் என்று என் வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டிருந்தால் அவனைப் பாராட்டியிருப்பேன். நான் கேட்கவில்லை. வாங்கிவிட்டேன்.

பார்சல் வந்ததும் அவளைக் கூப்பிட்டு அதைக் கையில் கொடுத்தேன். கொழுந்து எடுக்கிறவர்களுக்குக் கையே தராசு. பையைத் தூக்கிப் பார்த்தே கிலோ சொல்லிவிடுவார்கள். அவள் உள்ளங்கையில் வைத்து மெல்ல ஆட்டிப் பார்த்தாள்.

"கனமாத்தான் இருக்கு. நல்ல சாமானா சார்?"

"கனத்தைப் பார்த்தாலே தெரியலையா?" என்றேன்.

மிச்சப் பணத்தை அவளிடம் திருப்பிக் கொடுத்தபோது எனக்கு நெஞ்சு நிமிர்ந்திருந்தது.

அவள் வீட்டிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் அதற்கு மாற்றினேன். நான்கு நாள் பிடித்தது. முதலில் ஓடியது, பிறகு நகர்ந்தது. மின்சாரம் போய்விடக் கூடாதே என்று அவள் சாமி படத்துக்கு முன்னால் கற்பூரம் ஏற்றினாள். கடைசியில் திரையில் எல்லாப் பெயர்களும் வரிசையாக வந்து நின்றன. இன்ன தோட்டத்துக் கல்யாணம், இன்ன தோட்டத்துத் தேர். முதல் கல்யாணத்தைத் திறந்து பார்த்தேன், ஓடியது. அவன் குரலும் கேட்டது. அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு வெளியே போய்விட்டாள். நான் மற்றவற்றைத் திறந்து பார்க்கவில்லை. விடையைச் சரிபார்க்காமல் கொப்பியை மூடாதே என்று எத்தனை தலைமுறைப் பிள்ளைகளைத் திட்டியிருப்பேன்.

கழற்றும் விதத்தையும் சொல்லிக்கொடுத்தேன். திரையில் இந்த இடத்தில் அமுக்கி, 'இனி எடுக்கலாம்' என்று அது சொன்ன பிறகுதான் வயரை இழுக்க வேண்டும். "வந்தவங்க சொல்லிட்டுப் போற மாதிரி தங்கச்சி. சொல்லிட்டுக் கழட்டணும்" என்றேன். அவளுக்கு அது பிடித்துப்போனது. சிரித்தாள்.

கொழும்பில் வேலை செய்யும் அவளுடைய மகள் ஒரு பழைய லெப்டொப்பை அனுப்பியிருந்தாள். அதனால் அந்தப் பெரிய கம்ப்யூட்டர் இனி எதற்கு, இடத்தை அடைக்கிறது, பழைய சாமான் எடுக்கிறவரிடம் போட்டுவிடு என்றும் நானே சொன்னேன். அவள் போட்டுவிட்டாள்.

அவனுடைய முதல் வருடத் திதிக்கு இரண்டு நாள் முன்பு, ஒரு பிஸ்கட் டின்னைத் தூக்கிக்கொண்டு அவள் வந்தாள். உள்ளே துணியில் சுற்றிய டிரைவ். பெயர்கள் எல்லாம் இருக்கின்றன, எதுவும் திறக்கவில்லை என்றாள். குரலைக் கேட்கத் தாங்காது என்று அதுவரை அதை எடுக்கவே இல்லையாம். இடையில் ஒரே ஒரு தரம், யாரோ தங்கள் அப்பாவின் படம் வேண்டுமென்று வந்தபோது, முதலில் இருந்த கல்யாணத்தைத் திறந்து அதிலிருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறாள். அப்போது சரியாக இருந்ததாம். வைத்துவிட்டுப் போ, பார்க்கிறேன் என்று அனுப்பினேன்.

பின்பக்கத்து மூடியைக் கத்தியால் நெம்பித் திறந்தேன். உள்ளே, போனில் போடும் நகத்தளவு மெமரி கார்டு ஒன்று. பதினாறு டெரா பைட் என்று கம்ப்யூட்டரிடம் பொய் சொல்வதற்கு ஒரு சின்னத் தகடு. மிச்ச இடத்தில், பசை போட்டு ஒட்டிய ஒரு இரும்புத் துண்டு. கனத்துக்காக வைத்தது. முதல் சில வீடியோக்கள் மட்டுமே அந்த மட்டமான கார்டில் ஏறி, பிறகு அவையும் கெட்டுப்போயிருந்தன; மற்றவை தொடக்கத்திலிருந்தே வெறும் பெயர்கள்தான்.

ஈரக் கொழுந்தென்றும் பை எடையென்றும் தராசில் கிலோக் கணக்கில் கழித்துக்கொள்வார்கள் என்று அவள் பலமுறை என்னிடம் சொல்லியிருக்கிறாள். இரும்பு வைத்த எடையை அவள் கையில் வைத்து நான் கேட்டேன், கனத்தைப் பார்த்தாலே தெரியலையா என்று.

மூடியை மறுபடி பொருத்தினேன். அடுத்த நாள் பின்னேரம், கொழுந்தை எடை போட்டுவிட்டு நேராக வந்தாள். என்ன ஆச்சு சார் என்றாள். உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன் என்று எழுத ஆசை. அதுவும் பொய்யாகிவிடும். அவள் வருவதற்கு முன்பே என்ன கேட்க வேண்டும் என்று முடிவுசெய்து வைத்திருந்தேன்.

"அன்னைக்கு அவங்களுக்குப் படம் எடுத்துக் குடுத்துட்டு, எப்படிக் கழட்டுன?"

அவள் யோசித்தாள். "அவங்க அவசரப்பட்டாங்க சார். பஸ் வந்துருச்சின்னாங்க. நான் இழுத்துட்டேன்."

"சொல்லிட்டுக் கழட்டணும்னு சொன்னேனே" என்றேன். அவ்வளவுதான் நான் சொன்ன பொய். ஒரு வரிகூட முழுதாக இல்லை. மிச்சத்தை அவளே கட்டி முடித்தாள்.

"எனக்கு எப்பவும் கை வேகம் சார்" என்றாள். தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அவரும் சொல்லாமத்தான் போனாரு. நானும் சொல்லாம இழுத்துட்டேன்."

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் டின்னை எடுத்துக்கொண்டு போனாள்.

கை வேகம் என்பது அவள் அதுவரை பெருமையாகச் சொல்லிவந்த சொல். ஒரு நாளைக்கு இத்தனை கிலோ என்று தோட்டம் ஓர் அளவு வைத்திருக்கிறது. அதை எட்டினால் முழுப் பேர், எட்டாவிட்டால் அரைப் பேர், அரைச் சம்பளம். அந்த மலையில் முதலில் தன் செடி நிரையை முடித்து மேலே ஏறி நிற்பவள் அவள்தான். அவளுக்கு அரைப் பேர் விழுந்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை.

காலையில் நான் நடக்கப் போகும் வீதி மலையை ஒட்டியே போகிறது. திதி கழிந்த சில வாரங்களில் ஒரு மாற்றத்தைக் கவனித்தேன். மற்றவர்கள் நிரையின் பாதியைத் தாண்டியிருக்க, அவள் தொடக்கத்திலேயே நின்றாள். ஒவ்வொரு கொழுந்தையும் தனித்தனியாகக் கிள்ளி, பார்த்து, பிறகு பைக்குள் போட்டாள். லயத்தில் அவளுக்கு அடுத்த அறையான பக்கத்துக் காம்பராவில் இருப்பவள், வாய் நீளமானவள், அடுத்த நிரையில் இருந்து கூவினாள்.

"என்னா மதினி, கொழுந்துகிட்ட பெர்மிஷன் கேட்டுக்கிட்டு இருக்கியா?"

மலையே சிரித்தது. அவளும் சிரித்தாள். கைகள் அதே வேகத்தில்தான் போயின. 'சொல்லிட்டு எடுக்குறாங்க போல' என்று வேறொருத்தி சொன்னாள். அவர்களுக்கு ஒன்றும் தெரியாது, சும்மா கேலி. நான் கையில் இருந்த குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு நடந்தேன். மழை இல்லை.

அதன்பின் அரைப் பேர்கள் விழத் தொடங்கின. மாதத்தில் நான்கு, ஐந்து, பிறகு பாதி நாட்கள். கங்காணி பேசிப் பார்த்தார். வைத்தியரிடம் போகச் சொன்னார். கையில் ஏதும் வலியா என்று எல்லோரும் கேட்டார்கள். அந்தக் கையைச் சரிசெய்யும் ஒரு வாக்கியம் என்னிடம் மட்டும் இருந்தது. தினமும் அதை வாயில் வைத்துக்கொண்டு அந்த வீதியால் நடந்தேன், திரும்பி வந்தேன். வீதியில் கண்டால் பையை இறக்கி வைத்துவிட்டு, "நல்லா இருக்கீங்களா சார்?" என்று விசாரிப்பாள். நன்றாக இருக்கிறேன் என்பேன்.

இரண்டு வருடம் போன பிறகு எனக்கு ஒரு சிறிய சத்திரசிகிச்சை நடந்தது. படுத்துக் கிடந்தபோது, சொல்லாமல் போய்விடுவேனோ என்று பயம் வந்தது. பயம்தான், நல்ல புத்தி என்று சொல்ல மாட்டேன். அப்போதும் நேராக அவளிடம் போகத் துணிவில்லை. வெறும் கையோடு போகக் கூடாது என்று ஒரு சாக்கைக் கண்டுபிடித்தேன்.

என் ஓய்வூதியத்தில் சேர்த்து, ஹட்டன் கடையில் அந்த நல்ல டிரைவை வாங்கினேன். அவள் முதலில் கேட்டதே அதைத்தான். பிறகு என் லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு லயம் லயமாகப் போனேன். வீடியோக்காரர் எடுத்த கல்யாண டிவிடி இருக்கிறதா என்று கேட்டேன். மூலம் போனாலும் எங்காவது ஒரு டிவிடியில் பாட்டுக்கு அடியில் அவன் குரல் கொஞ்சம் தப்பியிருக்காதா என்ற நப்பாசை. மனிதர்கள் அலமாரியின் அடியில் இருந்து, சாமிப் படத்துக்குப் பின்னால் இருந்து எடுத்துத் தந்தார்கள். சில டிவிடிகளில் மலைக் குளிரின் ஈரத்துக்குப் பூஞ்சணம் பூத்திருந்தது. தேநீர் கொடுத்தார்கள். அவன் எப்படிச் சிரிக்கச் சொல்வான் என்று நடித்துக் காட்டினார்கள். எல்லோருடைய வாயிலும் அவன் குரல் இருந்தது.

நாற்பத்து மூன்று டிவிடிகள். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றையும் முழுக்கக் கேட்டேன். மணமகளின் உதடு அசைகிறது, தாத்தா கமராவுக்குப் பின்னால் நிற்கும் யாரையோ பார்த்துச் சிரிக்கிறார், மேலே சினிமாப் பாட்டு. அவன் தன் வேலையை நன்றாகச் செய்திருந்தான். ஒரு சொல் தப்பவில்லை. புது டிரைவில் ஒரு கல்யாணம் சில நொடிகளில் ஏறிவிடும், அவ்வளவு வேகம். அந்த வேகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன்.

கந்தப்பளையில் ஒரு வீட்டாரைப் பற்றி யாரோ சொன்னார்கள். அவர்களுடைய அம்மா இறந்தபோது, வெளிநாட்டில் இருந்த பிள்ளைக்கு அனுப்புவதற்காக அவனைக் கூப்பிட்டு எடுத்திருக்கிறார்கள். அவசரம் என்பதால் வெட்டாமல், பாட்டுப் போடாமல், அப்படியே பென் டிரைவில் கொடுத்துவிட்டானாம். நுவரெலியா போய் பஸ் மாறிப் போனேன். அந்த வீட்டு மகன் தயங்கினார். தன் அம்மாவின் சாவை நான் எதற்குக் கேட்கிறேன் என்று அவருக்குப் புரியவில்லை. சொன்னேன். முதன்முதலாக முழு உண்மையையும் ஒரு மனிதரிடம் சொன்னது அங்கேதான், முன்பின் தெரியாத ஒருவரிடம். அவர் உள்ளே போய்ப் பென் டிரைவை எடுத்துவந்து தந்தார்.

ஒப்பாரிக்கும் பறைக்கும் நடுவில் ஓரிடத்தில் அவன் பேசினான். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க. அம்மா மொகம் தெரியட்டும்." பிறகு ஒரு இருமல். அவ்வளவுதான். பதினொரு நொடி.

அதைத் தனியாக வெட்டி, டிவிடிகளோடு டிரைவில் போட்டுக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். அவள் வாசலில் உட்கார்ந்து, அட்டை கடித்த காலில் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கப் பார்த்தாள். உட்காரச் சொன்னேன்.

"தங்கச்சி, நீ இழுத்ததால அது போகல. நான் வாங்கித் தந்ததே பொய்ச் சாமான். தெறந்து பார்த்தேன், உள்ள இரும்பு ஒட்டி வச்சிருந்தான். எனக்குத் தெரியும். தெரிஞ்சுகிட்டே ஒம் மேல போட்டேன்."

அவள் செம்புத் தண்ணீரை ஊற்றிக் காலில் இருந்த நுரையைக் கழுவினாள்.

"அப்போ என் கை ஒண்ணும் செய்யலையா சார்?"

"இல்ல."

உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். அது அவளுக்கும் தெரிந்திருக்கலாம்.

"ரெண்டு வருஷமா அவருகிட்ட மன்னிப்புத்தான் கேட்டுக்கிட்டு இருந்தேன்" என்றாள். "வெளக்கு வக்கிறப்ப, கொழுந்து எடுக்குறப்ப, எப்பவும் அதான். இனி அவருகிட்ட என்னத்தப் பேசுறது சார்?"

 டிரைவைப் படியில் வைத்தேன், அதில் என்ன இருக்கிறது, எங்கிருந்து கிடைத்தது என்று சொன்னேன். இன்னொருவர் வீட்டுச் சாவு என்றதும் அவள் தலையசைத்தாள். நான் எழுந்தபோது போயிட்டு வர்றேன் என்று சொல்ல வாய் வரவில்லை. சாவு வீட்டில் இருந்து கிளம்புகிறவன் போலச் சொல்லாமலேயே இறங்கி வந்தேன்.

அதன்பிறகு அவள் வீதியில் என்னைக் கண்டு பையை இறக்கவில்லை. முகத்தைத் திருப்பவும் இல்லை. செடியைப் பார்த்தபடி நிற்பாள், நான் தாண்டிப் போய்விடுவேன்.

ஒரு மாதம் கழித்து, காலையில், வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகிற அவசரத்தில் அந்தப் பக்கத்துக் காம்பராக்காரி என் வீட்டுக் கதவைத் தட்டினாள். கையில் பழைய பிஸ்கட் டின். உள்ளே துணியில் சுற்றிய புது டிரைவ்.

"மதினி குடுத்துட்டு வரச் சொல்லிச்சு சார். அந்தச் சத்தத்த மட்டும் போன்ல ஏத்திக்கிச்சு. மத்தவங்க கல்யாணம் எல்லாம் நமக்கு எதுக்குன்னிச்சு." பிறகு எதையோ நினைவுபடுத்திக்கொண்டாள். "இன்னொண்ணும் சொல்லச் சொல்லிச்சு. இழுக்கல, சொல்லிட்டுத்தான் கழட்டினேன்னு சார்கிட்ட சொல்லுன்னிச்சு. அது என்னா சார், யாருகிட்ட சொல்றது?"

நான் டின்னை வாங்கிக்கொண்டேன். அவளுடைய மதினி இப்போது எத்தனை கிலோ எடுக்கிறாள் என்று கேட்டேன்.

"எங்க சார்" என்றாள் அவள், படியில் ஏறிக்கொண்டே. "நேத்தும் அரைப் பேருதான்."